17 பல்

முதல்லயே சொல்லிடறேன், இது டெக்னிக்கல் கட்டுரை மாதிரி ஆரம்பிச்சு வேற எங்கயோ போய் நிக்கும். ப்ளஸ் டூ வரைக்கும் நான் இங்கிலீஷ் மீடியம். ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டோரியல் டீமைத் திட்டுங்க.

போன வருஷம் ஹாஸ்டல்ல ஆறு பேர் சேர்ந்து ஒரு ஆர்.சி. பக்கி வாங்கினோம். 1:8 ஸ்கேல், நாலு சக்கரத்துக்கும் டிரைவ், எலெக்ட்ரிக். செகண்ட் ஹேண்ட்ல 27,000 ரூபாய், ஆளுக்கு 4,500. "பொம்மை காருக்கா இவ்வளவு?"ன்னு அம்மா கேட்டாங்க. பொம்மைதான். ஆனா அதுக்குள்ள மூணு டிஃபரன்ஷியல், நாலு ஆயில் ஷாக் இருக்கு. நம்ம லேப்ல பாதியா வெட்டி பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கிறதெல்லாம் இதுல உயிரோட ஓடும்.

மோட்டார் பிரஷ்லெஸ். சுருள் அசையாம நிக்கும், நடுவுல காந்தம் சுத்தும். கரி பிரஷ் கிடையாது, அதனால தேயறதுக்கு பேரிங்கைத் தவிர எதுவும் இல்லை. எந்தச் சுருளுக்கு எப்போ கரண்ட் போகணும்னு முடிவு பண்றது ஸ்பீடு கன்ட்ரோலர். எங்க மோட்டார் 2000 கே.வி. கே.வி.ன்னா கிலோவோல்ட் இல்லை (நானும் அப்படித்தான் நினைச்சேன்). லோடு இல்லாதப்போ ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆர்.பி.எம்.ங்கிற கணக்கு அது. நாலு செல் லிப்போ ஃபுல் சார்ஜ்ல 16.8 வோல்ட், அதாவது 33,600 ஆர்.பி.எம்.

ரேஸுக்கு ரெடி பண்றதுன்னா ஸ்பீடு ஏத்தறதுன்னு நினைச்சுக்காதீங்க. முக்கால்வாசி நேரம் எண்ணெயோடதான் போகும். டிஃபரன்ஷியலுக்குள்ள கிரீஸுக்குப் பதிலா சிலிக்கான் ஆயில். நாங்க முன்னாடி 5000, நடுவுல 7000, பின்னாடி 3000 ஊத்தினோம். நடுவுல ஆயில் ரொம்ப லேசா இருந்தா, த்ராட்டில் அமுக்கினதும் பாரம் இல்லாத முன்சக்கரம் ரெண்டும் காத்துல சுத்தி பவரைத் தின்னுடும். ஷாக்ல ஆயில் ஊத்தி, பிஸ்டனை மெதுவா மேலயும் கீழயும் ஆட்டி, குமிழி எல்லாம் மேல வர்ற வரைக்கும் பத்து நிமிஷம் சும்மா நிக்க வைக்கணும். அவசரப்பட்டு மூடினா ஒரு பக்கம் ஷாக் 'புளிச்'னு சத்தம் போடும். காரை ஒரு அடி உயரத்துல இருந்து கீழ போட்டுப் பாருங்க. பந்து மாதிரி குதிக்கக் கூடாது, அடிவயிறு தரையில 'டப்'னு அடிக்கவும் கூடாது. மோட்டார்ல இருக்கிற சின்ன பல்சக்கரம் பினியன், அது கடிக்கிற பெருசு ஸ்பர். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பேப்பர் துண்டை விட்டு மோட்டாரை இறுக்கிட்டு, பேப்பரை உருவினா சரியான இடைவெளி கிடைக்கும். நாங்க யூஸ் பண்ணது என் இன்டர்னல் டெஸ்ட் பேப்பர். அதுக்கு அப்படியாவது ஒரு பிரயோஜனம்.

வயரிங் எல்லாம் ஈ.சி.ஈ. நண்பன் ஒருத்தன் பொறுப்பு. அவனை 'சால்டர்'னு கூப்பிடுவோம். தடி வயருக்கு லேப்ல இருக்கிற 25 வாட் அயர்ன் சூடு பத்தாது. முதல் தடவை அதுல பத்த வெச்சு ஜாயிண்ட் விட்டுப்போச்சு. அப்புறம் வெளிய போய் பெரிய அயர்ன் வாங்கிட்டு வந்து மூணு வயரையும் கண்ணாடி மாதிரி பத்த வெச்சான்.

அடுத்து வேற ஒரு காலேஜ் டெக் ஃபெஸ்ட். மண் ட்ராக், சின்னது, நாலு ஜம்ப். முதல் நாள் பிராக்டிஸ்ல ஒரு டீமோட கார் நேர் ரோட்டுல எங்களைத் தாண்டிப் போச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு எல்லாரும் தூங்கினப்புறம் நான் எழுந்து, 14 பல் பினியனைக் கழட்டிட்டு 17 பல் போட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. ஜெயிச்சப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

ஸ்பர் 46 பல், டிஃபரன்ஷியல்ல 43-க்கு 10. 14 பல்லுக்கு மொத்த ரேஷியோ 14.1, 17 பல்லுக்கு 11.6. பேப்பர்ல டாப் ஸ்பீடு 21 சதவீதம் ஜாஸ்தி. ஆனா சக்கரத்துல அதே இழுவை வேணும்னா மோட்டாருக்கு 21 சதவீதம் கரண்டும் ஜாஸ்தி வேணும். சுருள்ல வர்ற சூடு கரண்டோட ஸ்கொயர், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. முதல் செமஸ்டர் பாடம் இது. எழுதி மார்க் வாங்கியிருக்கேன்.

மூணு லேப் பறந்துச்சு. நாலாவது லேப்ல கார் நின்னுடுச்சு. கிட்ட போறதுக்குள்ளயே வார்னிஷ் கருகின வாடை. தூக்கிப் பார்த்தா மோட்டார்ல இருந்து ஒரு வயர் தனியா தொங்குது. எல்லாரும் சால்டரைத்தான் பார்த்தாங்க. ஒருத்தன் "மறுபடியும் கோல்ட் ஜாயிண்ட்டா?"ன்னு கேட்டான். அவன் தலையைக் குனிஞ்சுட்டு நின்னான். நான் பக்கத்துலதான் நின்னேன், வாயைத் திறக்கலை. அன்னைக்கு ராத்திரி 17 பல்லைக் கழட்டி பழைய 14-ஐ மாட்டிட்டேன். அதுதான் எனக்கு இப்பவும் கூசுது.

புது மோட்டார் 7,000 ரூபாய். பாதியை நானே தர்றேன்னு சால்டர் தந்தான். அதுக்கப்புறம் அவன் பேரே கோல்ட் ஜாயிண்ட். ஜூனியர்ஸ் வரைக்கும் பரவிடுச்சு. உங்கள்ல சில பேரும் கூப்பிட்டிருப்பீங்க.

போன மாசம் பக்கியை ஜூனியர்ஸ்கிட்ட ஒப்படைக்க பெட்டியைப் பிரிச்சோம். மூலையில அந்த 17 பல் பினியன் கிடந்துச்சு. சால்டர் கையில எடுத்து உருட்டிட்டு, "இதை எப்போடா போட்டோம்? பல்லு தேஞ்சிருக்கே"ன்னான். சொல்லிட்டேன்.

ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "சால்டர் உருகணும்னா 183 டிகிரி வேணும். ஜாயிண்ட் விட்டு மோட்டார் போகலை, மோட்டார் கொதிச்சுதான் ஜாயிண்ட் விட்டுச்சுன்னு அன்னைக்கே எனக்குத் தோணுச்சு. ரேஷியோ 14 பல்லுனு நினைச்சதால கணக்கு ஒத்து வரலை. நம்மதான் சரியா பத்த வைக்கலைன்னு விட்டுட்டேன்"ன்னான். ரெண்டு நாள் மெஸ்ஸுக்கு என்கூட வரலை. மூணாவது நாள் வந்து, 3,500 ரூபாயை ஜி-பே பண்ணச் சொன்னான். பண்ணினேன். "இதை மேகசின்ல எழுது. என் பேரைப் போடாதே, ஆனா எழுது"ன்னான்.

ஜூனியர்ஸ், பெட்டியில இப்போ 13, 14 ரெண்டு பினியன்தான் இருக்கு. 13-ல ஆரம்பிங்க. மூணு நிமிஷம் ஓட்டி, டெம்பரேச்சர் கன்ல மோட்டாரைப் பாருங்க. 80 டிகிரியைத் தாண்டினா நிறுத்திடுங்க. லிப்போவை சார்ஜ்ல போட்டுட்டு தூங்கப் போகாதீங்க, எடுத்து வைக்கறப்போ செல்லுக்கு 3.8 வோல்ட்ல வைங்க. மோட்டார்ல இருக்கிற மூணு ஜாயிண்ட்டையும் தொடாதீங்க. அது சால்டர் பத்த வெச்சது.