ஆறுமுகநேரியில் ஆங்கிலம்!

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற பாசஞ்சர் ரயிலில் முக்கால்வாசிப் பேர் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள். நான் போனது மாமாவைப் பார்க்க. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர் என்று ஊர் ஊராக நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ரயில் ஆறுமுகநேரியில் நின்றபோது என் பெட்டியிலிருந்து இறங்கியது நானும் ஒரு கோழிக்கூடையும்தான். (கூடைக்குச் சொந்தக்காரர் பின்னாலேயே இறங்கினார்!)

வழியெல்லாம் தாமிரபரணி புண்ணியத்தில் வாழையும் நெல்லும் பச்சைப் பசேல். ஆறுமுகநேரி வந்ததும் நிறம் வெள்ளைக்கு மாறிவிடுகிறது. கண்ணுக்கு எட்டின மட்டும் உப்பளம். பாத்தி பாத்தியாக வானம் கிடக்கிறது. ஓரத்தில் ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள். தள்ளி, சாகுபுரத்தில் ரசாயன ஆலையின் புகைபோக்கி. உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கிற வேலை அங்கே 1950-களின் கடைசியிலிருந்து நடக்கிறது.

மாமா உப்பளத் தொழிலாளி. அவர் மகன் பி.காம். என்னை மாதிரியே! அதனாலோ என்னவோ, அவனுக்கும் பேங்க் பரீட்சை ஜுரம். போன தடவை முக்கால் மார்க்கில் போச்சு. "மருமவனே, அந்தப் பயலுக்கு இங்கிலீஷ்தான் வர மாட்டேங்கு. நீ பத்திரிகையில எழுதுதவன்லா, வந்து ரெண்டு நாளு சொல்லிக் குடு" என்று மாமா போனில் கூப்பிட்டார். அதே பரீட்சையை நான் நான்கு முறை எழுதி, நான்கு முறையும் அதே இங்கிலீஷில் குப்புற விழுந்தவன் என்பது மாமாவுக்குத் தெரியாது. சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

பரீட்சை எழுதாத பாக்கியசாலிகளுக்காக ஒரு விளக்கம். 2001 வரை பேங்க் வேலைக்கு பி.எஸ்.ஆர்.பி. என்ற வாரியம் ஆள் எடுத்தது. 2011-லிருந்து பெரும்பாலான அரசு வங்கிகளுக்கும் சேர்த்து ஐ.பி.பி.எஸ். பரீட்சை. கிளார்க் முதல் கட்டத்தில் நூறு கேள்வி, ஒரு மணி நேரம். அதில் இங்கிலீஷுக்கு 30 கேள்வி, 20 நிமிஷம். கணக்கையும் ரீசனிங்கையும் இப்போது தமிழிலேயே எழுதலாம். இங்கிலீஷை மட்டும் இங்கிலீஷில்தான் எழுதியாக வேண்டும், வேறு வழியில்லை! தப்பாக ஒன்றைத் தொட்டால் கால் மார்க் காலி. மாப்பிள்ளை கோட்டைவிட்ட முக்கால் மார்க், மூன்று தப்பான விடைக்கான அபராதம்தான்.

அத்தை கருப்பட்டிக் காபி கொண்டுவந்து வைத்தார்கள். பையன் தன் வொக்காபுலரி நோட்டை நீட்டினான். தொட்டாலே மொறுமொறு என்று அப்பளம் மாதிரி இருந்தது. "வெள்ளத்துல நனைஞ்சது அத்தான். காயவச்சு எடுத்தேன்" என்றான். 2023 டிசம்பர் 17, 18-ல் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளம். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அப்பா வாரி வைத்திருந்த உப்பு கரைந்தது. மகன் எழுதி வைத்திருந்த வார்த்தைகளும் கரைந்தன. பாதிப் பக்கத்தில் இங்கிலீஷ் இருக்கிறது, அர்த்தம் இல்லை. மீதிப் பக்கத்தில் அர்த்தம் இருக்கிறது, இங்கிலீஷ் இல்லை!

"இதை வச்சு எப்படில படிக்கே?"

"மனப்பாடம்தான் அத்தான். ராத்திரி படிக்கேன், காலையில மறந்துருது."

எனக்கு என் பழைய நோட்டு ஞாபகம் வந்தது. நானும் இப்படித்தான் வார்த்தைகளை ஊறுகாய் போட்டு வைத்தேன். தேவைப்பட்டபோது ஜாடி திறக்கவில்லை.

சாயங்காலம் அவனை உப்பளத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். "இங்கே பாரு, என்னென்ன தெரியுதோ அதுக்கெல்லாம் இங்கிலீஷ் கேளு" என்றேன். பாத்தியில் நிற்கிற உப்புத் தண்ணி, 'பிரைன்'. வெயிலில் அது வற்றுவது, 'இவாப்பரேட்'. வெள்ளையில் பட்டுக் கண்ணைக் குத்துகிற கூச்சம், 'கிளேர்'. ஊர்க் கிணற்றில் வருகிற அரை உப்புத் தண்ணி, 'பிராக்கிஷ்'. பயல் சிரித்துவிட்டான். "இதைத்தானே அத்தான் பொறந்ததுலேருந்து குடிக்கேன்!"

அவன் கனவு காண்கிற 'சேலரி'யே உப்பிலிருந்து வந்ததுதான். லத்தீனில் 'சால்' என்றால் உப்பு. அதிலிருந்து 'சலாரியம்', அதிலிருந்து சேலரி. ரோமாபுரிச் சிப்பாய்களுக்கு உப்பையே கூலியாக அளந்தார்கள் என்கிற கதைக்குச் சரியான ஆதாரம் கிடையாது. ஆனால் வார்த்தையின் வேர் உப்புதான். நம் 'சம்பள'த்துக்கும் சம்பா நெல், அளத்து உப்பு என்று பிரித்து அர்த்தம் சொல்வதுண்டு. இன்னும் கேளுங்கள். கட்டுமரம் 'கட்டமரான்' ஆச்சு. சங்கு 'சாங்க்' ஆச்சு. சுருட்டு 'ஷெரூட்' ஆச்சு. நம்ம ஊர்ச் சரக்கு கப்பலேறிப் போய், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு பரீட்சைக் கேள்வியாகத் திரும்பி வந்திருக்கிறது. பயப்படுவானேன்?

இதே கரையில் எதிர்த் திசையில் மல்லுக்கட்டிய ஒருவரும் உண்டு. பக்கத்துப் புன்னைக்காயலில் இருந்த அன்ரீக்கே அன்ரீக்கஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார். தமிழ் கற்றுக்கொள்ளக் கையில் ஒரு கைடு கிடையாது, கோச்சிங் சென்டர் கிடையாது. முத்துக் குளிக்கிற ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே கற்று, 1549 வாக்கில் தமிழுக்கு ஓர் இலக்கணமே எழுதிவிட்டார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சாகியது. தமிழ் எழுத்தில் அச்சான ஆரம்பப் புத்தகங்களில் ஒன்று. அவருக்கு நெகட்டிவ் மார்க் இல்லை என்பது மட்டும்தான் வசதி!

ராத்திரி காம்ப்ரிஹென்ஷன். கைடில் தேடி, உப்பு தயாரிப்பைப் பற்றிய ஒரு பாஸேஜை எடுத்துக் கொடுத்தேன். அல்வா மாதிரிச் சாப்பிடுவான் என்று நினைத்தேன். பத்துக் கேள்வியில் நாலு தப்பு!

'தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள்?' என்பது ஒரு கேள்வி. பாஸேஜில் கடல் தண்ணி என்று போட்டிருக்கிறது. இவன் நிலத்தடி நீர் என்று டிக் அடித்திருக்கிறான்.

"ஏல, கடல்னுதானே போட்டிருக்கு?"

"அவன் தப்பாப் போட்டிருக்கான் அத்தான். எங்க அப்பா அளத்துல போர் போட்டுல்லா தண்ணி எடுக்காவ!"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே சுருக்கென்றது. நான் விழுந்த குழியும் இதுதான். பணவீக்கம் பற்றிப் பாஸேஜ் வந்தால், பி.காம். என்கிற கர்வத்தில் எனக்குத் தெரிந்த பொருளாதாரத்தையெல்லாம் விடையில் கொட்டுவேன். கேட்டது அதுவல்ல. 'பாஸேஜின்படி' என்ற ஒரு வார்த்தையை நான் கண்டுகொண்டதே இல்லை. கேள்வியை முதலில் படி; பிறகு பாஸேஜுக்குப் போ. தெரியாத வார்த்தை வந்தால் நிற்காதே, முன்னும் பின்னும் பார்த்து ஊகி. 'நாட்', 'எக்ஸெப்ட்' வந்தால் உஷாராகு. உனக்குத் தெரிந்ததை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே வா. சொல்லி முடித்துவிட்டு, "நானும் நாலு தடவை ஃபெயில், மாப்ள" என்றேன். அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "தெரியும் அத்தான். அம்மா சொல்லியிருக்கா. அதான் உங்களைக் கூப்பிடச் சொன்னேன்" என்றான்.

மறுநாள் விடியற்காலை மாமாவோடு அளத்துக்குப் போனோம். பாத்தித் தண்ணியில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு டிகிரி பார்க்கிறார்கள். கடல் தண்ணி மூணு, மூணரை டிகிரி. வற்றி வற்றி 25-க்கு வந்தால் உப்பு விழும். முப்பதை நெருங்கினால் கசப்பு இறங்கிவிடும், தண்ணியைத் திறந்துவிட வேண்டும். முப்பது வருஷ வெள்ளை வெளிச்சத்தில் மாமாவுக்குக் கண் மங்கிப்போச்சு. குழாயில் கோடு தெரிவதில்லை.

"ரீடிங் என்னல?" என்றார்.

பையன் குனிந்து பார்த்தான். "இருபத்து நாலுப்பா. இன்னும் ஒரு டிகிரி வேணும்."

மாமா கிழக்கே பார்த்தார். சூரியன் அப்போதுதான் கடலிலிருந்து எழுந்துகொண்டிருந்தது.

"ஒரு டிகிரிதானல... வெயில் இருக்கு" என்றார்.