பட்டியலில் ஒரு வரி

ஆய்வகத்திலிருந்து இரவலாகப் பெற்ற வெளி வன்தட்டை மறுநாள் காலை திருப்பித் தரவேண்டியிருந்தது. தந்த உடனே அதை அழித்து அடுத்த மாணவரிடம் கொடுத்துவிடுவார்கள். எனக்குக் கவலை இல்லை. மடிக்கணினியிலிருந்த ஆய்வேட்டுக் கோப்புறை முழுவதையும் 'டார்' கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டிச் சேவையகத்தில் ஏற்றியிருந்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

உறங்கும் முன், கட்டைப் பிரிக்காமலேயே உள்ளிருப்பவற்றைப் பட்டியலிடும் 'டி' தெரிவையும், விவரம் காட்டும் 'வி' தெரிவையும் சேர்த்து இயக்கிப் பார்த்தேன். இயல்கள், அட்டவணைகள், படங்கள் வரிசையாக ஓடின. 'ஒலிப்பதிவுகள்' என்பதற்கு மட்டும் ஒரே வரி. முதலெழுத்து 'எல்', அளவு 0, பெயரை அடுத்து வெளி வன்தட்டைச் சுட்டும் ஓர் அம்புக்குறி.

இடம் போதாமல் பதிவுகளை வன்தட்டுக்கு மாற்றி, மடிக்கணினியில் ஒரு குறியீட்டு இணைப்பை மட்டும் வைத்தவன் நானே. இணைப்பைக் கண்டால் டார் இணைப்பையே சேமிக்கும். அது சுட்டும் இடத்துக்குச் செல்லாது. செல்லவேண்டுமெனில் 'எச்' தெரிவைத் தரவேண்டும். கருவி தவறவில்லை. கட்டிய கோப்பின் சிறிய அளவே என்னை எச்சரித்திருக்க வேண்டும்.

விடுபட்டவை 40 மணிநேரக் களப்பதிவுகள். அவற்றில் பேசிய முதியவர் இருவர் இன்று உயிரோடு இல்லை.

1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு, காந்த நாடாக்களுக்காக வந்தது டார். அதன் கட்டுக்குத் தனிப் பொருளடக்கம் கிடையாது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் பெயர், அளவு, தேதி முதலியவற்றைத் தாங்கிய 512 பைட்டுத் தலைப்பு உண்டு. பட்டியல் அத்தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தே உருவாகிறது. ஆகவே நாம் சேமிக்க எண்ணியதை அன்று, உண்மையில் உள்ளே சென்றதையே அது காட்டுகிறது. ஆனால் தலைப்பு சரியாக இருப்பதாலேயே உள்ளடக்கமும் பழுதின்றி இருக்கும் என்று கொள்ள முடியாது.

அன்றிரவு பதிவுகளைத் தனியே கட்டினேன். பட்டியலைச் சரிபார்த்தபின், ஒரு கோப்பை வேறிடத்தில் பிரித்தெடுத்து இறுதிவரை கேட்டேன். மறைந்த முதியவர் ஒருவர் இடையில் இருமி, தண்ணீர் கேட்டார். அதன் பிறகே வன்தட்டைப் பைக்குள் வைத்தேன்.

ஆய்வேடு எழுதும் நண்பர்களே, காப்புப்பிரதி வைத்திருக்கிறேன் என்று நெறியாளரிடம் சொல்லும் முன், அதன் பட்டியலை ஒருமுறை படித்துவிடுங்கள்.