ரிப்பேருக்குப் போய் வந்த வண்டி

மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கினால் கடையிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் நாம் கிளம்புவதில்லை. குக்கருக்குப் புது கேஸ்கெட் போட்டால் வெறும் தண்ணீரை வைத்தாவது விசில் வருகிறதா என்று பார்த்துவிடுகிறோம். ஆனால் குழந்தையை ஏற்றிக்கொண்டு போகிற ஸ்கூட்டர் விஷயத்தில் மட்டும், "பிரேக் பார்த்தாச்சுக்கா" என்று மெக்கானிக் சொன்னதும் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோமே, ஏன்?

நான் இருப்பது பெரம்பலூரில். அக்கா வாழ்க்கைப்பட்டது அரியலூரில். நடுவே சுமார் 30 கிலோமீட்டர். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகள் நிறைய. சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் போகிற வழியில் முன்னால் போவது எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். அதாவது ஒரு முழு லாரியின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

போன ஆடியில் என் ஸ்கூட்டரின் பின் பிரேக் கிறீச்சென்று சத்தம் போட்டது. பட்டறையில் விட்டேன். புது பிரேக் ஷூ போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் மகளோடு அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அதனால் அன்று சாயங்காலமே ஆளில்லாத தெருவில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். பிடியை முழுக்க அழுத்தியும் வண்டி நிற்க மனசில்லாமல் நகர்ந்துகொண்டே போனது. சத்தம் போச்சு, பிரேக்கும் போச்சு!

திரும்பப் போய்ச் சொன்னால் பட்டறைத் தம்பி சிரிக்கிறார். "புது ஷூ அப்படித்தான்கா இருக்கும். ஓட ஓட சரியாயிடும்." வீட்டில் இவரும் அதையே சொன்னார்: "அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போகுது?" தெரியாதுதான். ஆனால் தினமும் அந்தப் பிடியை அழுத்துகிற கை என்னுடையது. பழைய பிரேக் எங்கே பிடிக்கும் என்று என் விரலுக்குத் தெரியும். மறுநாள் மகளைப் பஸ்ஸில் அழைத்துப் போனேன்.

அக்கா வீட்டுக்காரர் கல் லாரி ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. "அந்தத் தம்பி சொன்னதுல பாதி நிஜம்மா. புது லைனிங் டிரம்மோட முழுசா ஒட்டி உட்கார்ற வரைக்கும் பிடிப்பு கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். நாங்களே லைனிங் மாத்தினா லோடு ஏத்தாம ஓட்டிப் பார்ப்போம். ஆனா நீ சொல்ற மாதிரி வழுக்கக் கூடாது. சக்கரத்தைக் கழட்டிப் பார்க்கணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து கழற்றினார். புது ஷூவின் மேல் கறுப்பாக கிரீஸ்! ஷூவை விரிக்கிற கட்டைக்குத் தடவினது, கையோடு லைனிங்கிலும் ஒட்டியிருக்கிறது. எண்ணெய்க் கையால் பாட்டில் மூடியைத் திருகினால் எப்படி வழுக்கும், அதே கதைதான். லைனிங் கிரீஸைக் குடித்துவிட்டால் துடைத்துப் பிரயோஜனமில்லையாம், வேறு ஷூதான் போட வேண்டும். கேபிளும் தளர்ந்திருந்தது.

டிரம்மிலிருந்த தூசியை ஊதப் போன மகளை மாமா அதட்டித் தள்ளி நிறுத்தினார். சில லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பதுண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். பட்டறையில் குழந்தையைப் பக்கத்தில் நிற்க வைத்து வேடிக்கை காட்டுகிற தாய்மார்கள் இதைக் கவனிக்கணும்.

டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கும் மாமா ஒன்று சொன்னார். ரிப்பேருக்குப் பிறகு பிடி பஞ்சு மாதிரி மெத்தென்று அமுங்கினால், பிரேக் ஆயில் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். நாலைந்து தடவை அழுத்தினால் கெட்டிப்பட்ட மாதிரி தோன்றும். அதை நம்பக்கூடாது. காற்றை எடுக்கச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து வருகிற சின்ன ஸ்கூட்டர்கள் பெரும்பாலானவற்றில் இடது பிடியை அழுத்தினாலே இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். அந்த வண்டியில் ஒரு சக்கரத்தைத் தொட்டால் இரண்டையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

நனைந்த ஷூவைக் காட்டியதும் பட்டறைத் தம்பி ஒன்றும் பேசவில்லை. வேறு ஷூ போட்டுக் கொடுத்தார், காசும் வாங்கவில்லை. நான் அங்கேயே ஏறி ஒரு சுற்றுப் போய் வந்தேன். அப்புறம் இரண்டு நாள் தனியாகவே ஓட்டி, வெறும் ரோட்டில் வேகம் எடுப்பதும் மெதுவாகப் பிடிப்பதுமாக ஷூவைப் பழக்கினேன். மூன்றாம் நாள் பிடி பழையபடி கைக்கு வந்துவிட்டது.

அடுத்த வாரம் மகளை உட்கார வைத்துக்கொண்டு அரியலூர் போனேன். பேரளி தாண்டியதும் முன்னால் போன லாரி ஆட்டு மந்தைக்காகச் சட்டென்று நின்றது. நானும் நின்றேன், நடுவில் நல்ல இடைவெளி. "ஏம்மா நின்னுட்ட? அக்காவெல்லாம் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று பின்னாலிருந்து ஒரே அவசரம். ஆடுகள் ஒவ்வொன்றாகக் கடந்து முடிய ஐந்து நிமிஷம் ஆயிற்று.