கென்னிகாட் ஆலையை ஏன் காக்க வேண்டும்?

அலாஸ்காவின் கென்னிகாட்டில் மலைச்சரிவை ஒட்டி நிற்கிறது 14 அடுக்குச் செப்புத்தாது ஆலை. மரத்தால் கட்டி, சிவப்புச் சாயம் பூசியது. 1938-ல் மூடிவிட்டார்கள். லாபம் பார்த்துவிட்டுப் போன கம்பெனியின் கட்டடத்துக்கு அரசுப் பணம் எதற்கு என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் வேலை நடந்த விதத்தை அந்தக் கட்டடமே சொல்கிறது. உச்சியில் கொட்டிய தாது நொறுங்கி, சலிக்கப்பட்டு, தண்ணீரில் அலசப்பட்டு, தன் எடையாலேயே தளம் தளமாக இறங்கியது. மிஞ்சிய சக்கையிலிருந்தும் அம்மோனியாவால் செம்பைக் கரைத்தெடுத்தார்கள். இயந்திரங்களை மட்டும் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்தால் இந்த ஓட்டம் புரியாது.

ஆலையைக் காப்பது முதலாளியின் புகழ்பாடலாகிவிடாதா என்பது அடுத்த கேள்வி. தொழிலாளர் விடுதிகளையும் சேர்த்துக் காத்தால் அப்படி ஆகாது. 1986-ல் தேசிய வரலாற்றுச் சின்னமான இந்த இடத்தை 1998-ல் தேசியப் பூங்காத் துறை வாங்கியது சரியான முடிவு.