வெளிர்சிவப்புத் தாள்கள்

பழைய நாளில் நாடக நோட்டீசுகளுக்கு நல்ல தாள் போட்டதில்லை. மஞ்சளோ, பச்சையோ, வெளிர்சிவப்போ, ஈரக்கை பட்டால் சாயம் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய தாள். தலைப்பில் கொட்டை எழுத்தில் நாடகத்தின் பெயர். அதன்கீழ் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று வரிசைப்படி நடிகர்களின் பெயர்கள். அடியில் சோபா, நாற்காலி, பெஞ்சு, தரை என்று கட்டண விவரம். மாட்டுவண்டியில் மேளம் கொட்டிக்கொண்டே வீதிவீதியாக வீசிச் செல்வார்கள். மறுநாள் அதே தாள் கடைகளில் பொட்டலம் மடிக்கப் பயன்படும். ஓர் இரவுக்கு மேல் வாழும் என்று எவரும் அதை அச்சிடவில்லை.

அத்தகைய தாள்கள் இருபதுக்கு மேல் கொண்ட ஒரு தகரப்பெட்டியை நான் காஞ்சிபுரத்தில் கண்டேன். நோயுற்ற முதியவர் ஒருவருக்கு நற்கருணை கொண்டு சென்ற இல்லம் அது. தறிக்குழிக்கு மேலிருந்த பரணிலிருந்து பெட்டியைப் பேரன் இறக்கிவைத்தான். காலணா, அரையணா விலையிட்ட பாட்டுப் புத்தகங்களும், ஜரிகை கறுத்துப்போன ஓர் அரைக்கச்சையும், இந்த நோட்டீசுகளும் அதனுள் இருந்தன. முதியவரின் தந்தையார் மதுரைப் பக்கத்தில் பபூன் வேடம் கட்டியவராம். 1931-இல் ‘காளிதாஸ்’ வந்து, பேசும் படம் நிலைபெற்று, கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் திரைப்படத்திற்கு மாறியபின், உறவினர் ஒருவர் கைகாட்ட இங்கு வந்து தறியில் அமர்ந்தவர்.

பழம்பொருள் வாங்குகிறவர் இரண்டுமுறை வந்து விலை கேட்டுவிட்டார் என்றான் பேரன். அவனுக்குக் கொடுத்துவிட விருப்பம். பட்டுநூல் விற்கிற விலையில் அதைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. முதியவர் மட்டும் ஒரு தாளைத் தடவியபடி, “சாமி, எங்கப்பா ஆடினார்ங்கிறதுக்கு இதைத் தவிர வேற ஆதாரம் கிடையாது” என்றார்.

அது வெறும் பாசப் பேச்சன்று. ‘ஸ்பெஷல் நாடகம்’ நடந்த முறையை அறிந்தோருக்கு அதன் பொருள் விளங்கும். அதற்கென்று நிலையான கம்பெனி இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊரிலிருந்தும் வந்து அன்று மாலைதான் ஒருவரையொருவர் காண்பர். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாடம் எல்லாருக்கும் மனப்பாடம். அதுவே அவர்களை ஒன்றுசேர்த்த கயிறு. விடிந்ததும் அவரவர் வழியில் பிரிந்துவிடுவர். கம்பெனி இல்லாததால் கணக்குப் புத்தகமும் இல்லை. அந்த ஆறேழு பேரும் ஓர் இரவு ஒரே மேடையில் நின்றார்கள் என்பதற்கு அந்த நோட்டீசே சாட்சி.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடியில் பிறந்தவர். நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ ஆகியவற்றை இயற்றிய அதே கை, நம் கத்தோலிக்க இல்லங்களில் வழங்கிவந்த ஞானசௌந்தரி கதையையும் நாடகமாக்கியது. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகளை இழந்து காட்டில் விடப்பட்ட பெண்ணுக்குத் தேவ அன்னை கைகளைத் திரும்பத் தரும் கதை அது. 1948-இல் ஜெமினியும் சிட்டாடலும் ஒரே ஆண்டில் போட்டியிட்டு இக்கதையைப் படமாக்கின. வென்றது சிட்டாடலின் படம். நவாப் இராஜமாணிக்கம் பிள்ளையின் குழுவோ ‘இயேசுநாதர்’ நாடகத்தையே மேடையேற்றியது. சமயத்தால் இந்துக்களான அக்கலைஞர்கள் நற்செய்தியை நம் மக்களுக்குக் காட்டிய அளவை எந்த மறையுரையாளர் எட்டியிருப்பார்? சுவாமிகள் இறுதிக் காலத்தில் வாதநோயால் பேச்சிழந்தார். 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார்.

ஆசிரியரின் பெயராவது நின்றது. நடிகர்கள் பலருக்கு அதுவும் இல்லை. கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களையே கொண்டு நாடகக் குழு நடத்தியவர். அவருடைய நாடகம் காண வருவோருக்காக ஓடிய ரயில்வண்டிக்கே ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று பெயர் வழங்கியதாகச் சொல்வார்கள். அவரது முடிவு மதுரையில், வறுமையில். விசுவநாத தாஸ் மேடையில் தேசபக்திப் பாடல்களைப் பாடியதற்காகப் பலமுறை சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடமிட்டு, மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார். பெயர் தெரிந்த இவர்களின் நிலையே இது எனில், நோட்டீசின் கடைசி வரியில் சிற்றெழுத்தில் நின்ற பபூனை எவர் நினைப்பர்? இத்தனைக்கும் முதலில் மேடையேறி, கூட்டத்தை வணங்கி, தூக்கம் கலைத்து, நள்ளிரவுவரை இருக்கையில் கட்டிவைத்தவர் அவர்தான்.

திருச்சபையின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நடிகர்களை நாம் எப்போதும் அன்புடன் நடத்தியவர்கள் அல்லர். 1673 பிப்ரவரியில் பாரிசில் மோலியர் இறந்தபோது, தொழிலைத் துறந்ததாக அறிவிக்காமல் இறந்தார் என்று பங்குக்குரு அடக்கம் மறுத்தார். மனைவி அரசனிடம் முறையிட்ட பிறகே, இரவில், சடங்கின்றி அடக்கம் நடந்தது. அதே திருச்சபை, உரோமை நடிகராகிய புனித ஜெனேசியுசைப் பீடத்தில் வைத்து வணங்குகிறது. பின்னாளில் திருத்தந்தையான இரண்டாம் யோவான் பவுல், நாத்சி ஆக்கிரமிப்புக் காலத்துக் கிராக்கோவில் மறைவாக இயங்கிய நாடகக் குழுவில் நடித்தவர். குருமடத்தில் மோலியரின் அடக்கத்தைப் பற்றி எங்களுக்கு எவரும் சொல்லித்தரவில்லை, சொல்லியிருக்கலாம்.

காஞ்சி நாடகத்தை மறந்த ஊரன்று. அறிஞர் அண்ணா இவ்வூர்க்காரர். தாம் எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்ய’த்தில் காகபட்டராகத் தாமே வேடமிட்டவர். சுற்றுப்புறக் கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில் பாரதத்தின்போது கட்டைக்கூத்து இன்றும் விடியவிடிய நடக்கிறது. புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் தொடங்கிய கூத்துக் குருகுலம் சிறுவர் சிறுமியர்க்குப் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்பித்துவந்து 2020-இல் மூடப்பட்டது. ஆடுகிறவன் இருக்கும்வரை கூத்துக்கு நோட்டீசு தேவையில்லை. ஆட்டம் நின்றுபோன கலைக்குத்தான் தாள் வேண்டியிருக்கிறது.

இதை முன்னரே உணர்ந்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பிறர் குப்பையெனத் தள்ளிய நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் யாவற்றையும் தம் வீட்டில் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் துணையால் அச்சேகரம் சென்னைக்கு வந்து, இன்று அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படியொரு பெட்டி இருக்கக்கூடும். இருந்தால், அடுப்புப் புகை எட்டும் இடத்திலிருந்து முதலில் இறக்கிவையுங்கள். பிளாஸ்டிக் உறையில் வைத்து ஒட்டிவிடாதீர்கள், தாள் வெந்துபோகும். மடிப்பை ஒரேயடியாகப் பிரிக்காமல் மெல்லப் பிரித்து, கடைசி வரிவரை படம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை அதன்பிறகு பேசிக்கொள்ளலாம்.