பக்கத்து நாற்காலி

ஜாதகம் பார்ப்போரை நாம் எள்ளி நகையாடியதுண்டு. செவ்வாய் எங்கோ சுழல, அதன் பெயரால் இங்கே ஒரு பெண்ணின் வாழ்வு சுருள்வதா என்று மேடையில் முழங்கியதுமுண்டு. ஆனால் தோழர்களே, நம் நெஞ்சின் மூலையில் அந்த ஜாதகத்தின் தங்கை ஒருத்தி ஒளிந்திருந்தாள். 'கண்டதும் காதல்' என்பது அவள் பெயர். இன்னாருக்கு இன்னார் என்று எங்கோ எழுதப்பட்டிருக்கிறது, கண்கள் சந்தித்த கணமே அது விளங்கிவிடும் என்று நம்பிக் கிடந்தோம். எழுதியவன் யார் என்று மட்டும் கேட்கவில்லை!

நாம் பணியில் சேர்ந்த பள்ளியில், ஆசிரியர் அறை நாற்காலிகளைப் பெயர்களின் அகரவரிசைப்படி போட்டிருந்தார் தலைமையாசிரியர். நமக்கு இடப்புறம் புவியியல் ஆசிரியை. வலப்புறம் உடற்பயிற்சி ஆசிரியர். ஓய்வு பெறும் வயதினர், மூக்குப்பொடி அன்பர். ஆறு திங்கள் சென்றன. இடப்புறத்து நாற்காலி காலியாக இருந்த நாளில் நமக்கு வேலை ஓடவில்லை. காதல்தான், ஐயமென்ன! முதல் நாள் முதல் பார்வையிலேயே உள்ளம் பறிபோயிற்று என்று நண்பருக்கு மடல் தீட்டினோம். பிறகொரு நாள் பழைய நாட்குறிப்பைப் புரட்டினோம். அந்த முதல் நாளில் நாம் குறித்திருந்தது ஒரே செய்தி: நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது, தச்சரிடம் சொல்ல வேண்டும்!

வெட்கம் துரத்த, உளநூல்களைத் தேடிப் படித்தோம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், மணமான மாணவர்களின் குடியிருப்பை ஆராய்ந்து 1950இல் நூல் வெளியிட்டனர் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூவர். ஒரு தளத்தில் ஐந்து வீடுகள். அடுத்த வீட்டாரை நெருங்கிய நண்பரென்று குறித்தது நூற்றுக்கு 41. அதே தளத்தின் மறு கோடியினரைக் குறித்தது நூற்றுக்கு 10. இடையே இருந்ததோ சிறு தொலைவு. ஆசிரியரான நம்மை இன்னும் உலுக்கியது, மோர்லாண்டும் பீச்சும் 1992இல் வெளியிட்ட ஆய்வு. தோற்றத்தில் ஒத்த நான்கு பெண்கள். ஒரு கல்லூரி வகுப்புக்கு ஒருவர் 15 முறை, ஒருவர் 10, ஒருவர் 5 முறை வந்து அமர்ந்தனர், மற்றொருவர் வரவேயில்லை. எவரிடமும் ஒரு சொல் பேசவில்லை. பருவ முடிவில் படங்களைக் காட்டிக் கேட்டபோது, மிகுதியாக வந்தவரே மாணவர்க்கு மிகுதியும் பிடித்தவரானார். முன்பு கண்டதாக நினைவு வந்தவரோ மிகச் சிலர்.

அப்படியானால் நம் காதல் தலைமையாசிரியர் போட்ட நாற்காலியா? அவரிடமே சொன்னோம். சிரித்தார். "சார், உங்கள் வலப்பக்கமும் ஒரு நாற்காலி இருக்கிறதே! மூக்குப்பொடிக்காரர்மீது ஏன் காதல் வரவில்லை?"

நல்ல கேள்வி. அருகிருத்தல் கதவைத் திறக்கும், அவ்வளவே. ஆர்தர் ஆரனும் அவர் தோழர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத இருவர் 45 நிமிடம் ஒருவரையொருவர் கேள்வி கேட்டனர். கேள்விகள் போகப் போக உள்ளத்தின் ஆழத்துக்கு இறங்கின. வெறும் ஊர்ப்பேச்சுப் பேசியவர்களைவிட இவர்களிடையே நெருக்கம் கூடியிருந்தது. நமக்கும் நடந்தது அதுதான். மழை விடாத ஒரு மாலை, கல்லூரிக் கட்டணத்துக்காகத் தந்தை கடன் கேட்கச் சென்ற வீட்டின் திண்ணையில் நாம் தலைகுனிந்து நின்றதைச் சொன்னோம். அதுவரை எவரிடமும் சொல்லாதது. அவரும் தம் வீட்டுத் துயரொன்றைச் சொன்னார். அதை இங்கே எழுத நமக்கு உரிமையில்லை.

வீட்டில் செய்தியைச் சொன்னோம். அன்னை கேட்ட முதற் கேள்வி, படிப்பன்று, பண்பன்று. "எந்தத் தெருப் பெண்ணப்பா?"

அந்த ஒரு சொல்லில் மேற்சொன்ன ஆய்வுகளெல்லாம் வேறு பொருள் கொண்டு நம்முன் நின்றன. அருகில் இருப்பவரை மனம் நாடும், சரி. அருகில் யாரை இருத்துவது என்று முடிவு செய்தது யார்? தெருவை வகுத்தவன், சேரியைத் தள்ளி வைத்தவன், கிணற்றைப் பிரித்தவன்! 2011–12ஆம் ஆண்டின் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி, சாதி கடந்த மணம் நூற்றுக்கு 5 அளவே. மீறுவோர் உயிரையே பறித்த கொடுமைகளும் உண்டு. அது வெளிப்படை அச்சம். ஆனால் அச்சுறுத்த ஆளே வேண்டாத வேலியும் ஒன்றுண்டு. காணாத முகத்தை எவரும் விரும்புவதில்லை. விரும்பாததைத் தடுக்கவும் வேண்டியதில்லை. "எனக்கே பிடித்தது, நானே தேர்ந்தேன்" என்று சொல்லிக்கொண்டே, ஊர் போட்ட நாற்காலியில் அமர்கிறோம். அவரையும் நம்மையும் அருகருகே இருத்தியது அகரவரிசை. ஊர் இருத்தியிருக்காது.

அன்னை இன்னும் இசையவில்லை. அவர் வீட்டிலும் அதே மௌனம். காத்திருக்கிறோம், பின்வாங்கவில்லை.

இதற்கிடையே வகுப்பில் ஒன்றைக் கண்டோம். விருப்பம்போல் அமருங்கள் என்று நாம் பெருந்தன்மையாக விட்டிருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், பெஞ்சுக்கொரு தெருவாக அமர்ந்திருந்தனர்! மறுநாளே பதிவேட்டை எடுத்து, ஆண் பெண் என்றும் பாராமல், பெயர் வரிசையில் அமர்த்தினோம். மூன்றாம் நாள் ஒரு தந்தை வந்தார்.

"என் பையனை ஏன் சார் அங்கே மாற்றினீர்கள்?"

"அகரவரிசை, ஐயா."

பதிவேட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். குறை காண முடியவில்லை. "அடுத்த மாதம் மாற்றுவீர்களா?" என்றார். பெயர் மாறினால் மாற்றுவோம் என்றோம். முகம் சுளித்துப் போனார். மீண்டும் வருவார், தலைமையாசிரியரிடமும் போவார் என்று தெரியும். வகுப்புக்குத் திரும்பினோம். அந்தப் பையன் பக்கத்திலிருந்தவனின் அளவுகோலை வாங்கிக் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.