மூன்று மைக்ரான் சதை

இதயத்தில் கட்டி இருப்பது எக்கோவில் தெரிந்துவிட்டால் குடும்பத்தார் அடுத்து விசாரிப்பது பெட் ஸ்கேனைத்தான். திருச்சியில் தில்லைநகர், புத்தூர் பக்கத்து ஸ்கேன் மையங்களிலும் சதைப் பரிசோதனைக் கூடங்களிலும் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தபின் என் எண்ணம் இது: பெரிய இயந்திரத்துக்குக் கிடைக்கும் மதிப்பில் பாதிகூட மைக்ரோடோம் முன் அமர்ந்து சதையைச் சீவும் டெக்னீஷியனுக்குக் கிடைப்பதில்லை. முடிவோ அந்த மேசையைத் தாண்டித்தான் வருகிறது.

பெட் ஸ்கேன் பார்ப்பது திசுவின் சர்க்கரைப் பசியை. ஃப்ளூரின்-18 சேர்த்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றி, அது எங்கே அதிகம் தங்குகிறது என்று படம் பிடிக்கிறார்கள். இதயத்தில் இது சிக்கல். நல்ல இதயத் தசையும் சர்க்கரையை இழுக்கும், கட்டி அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடும். அதனால் முந்தைய நாள் மாவுச்சத்தைத் தவிர்த்து, கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்து, பிறகு பட்டினி போட்டு, தசையைக் கொழுப்பை எரிக்கப் பழக்குகிறார்கள். சோறும் இட்லியும் இல்லாத நாள் நம் வீடுகளில் லேசுப்பட்டதல்ல. ஸ்ரீரங்கத்தில் யாராவது அன்போடு ஒரு கரண்டி அக்காரவடிசல் கொடுத்தாலே படம் கெட்டுவிடும். என்ன சாப்பிட்டீர்கள் என்று துருவித் துருவிக் கேட்கும் ஊழியர், நேரத்தை வீணாக்குபவர் அல்ல. மருந்தின் வீரியமும் சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். மருந்து வந்து சேர ஐந்தரை மணி நேரம் ஆனால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

இத்தனைக்குப் பிறகும் படம் சொல்வது எவ்வளவு? ஜெர்மனி மருத்துவர்கள் 2012-இல் 24 நோயாளிகளை ஆராய்ந்து, சர்க்கரை ஈர்ப்பின் அளவு 3.5-ஐத் தாண்டினால் புற்றுநோயைச் சந்தேகிக்கலாம் என்றார்கள். பயனுள்ள அளவுகோல்தான். ஆனால் இதய மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் சேரும் வெறும் கொழுப்பும் சில நேரம் ஒளிரும். காசநோய்க் கட்டியும் ஒளிரும். நம் நாட்டில் அதை மறந்துவிட முடியாது. ஆஞ்சியோசார்கோமா, லிம்போமா, காசநோய் மூன்றும் படத்தில் ஒரே மாதிரி தெரியலாம். சிகிச்சையோ வெவ்வேறு: முதலாவதற்கு இயன்றால் அறுவை, அடுத்ததற்குக் கீமோ, கடைசிக்கு மாத்திரை. எது என்று உறுதியாகச் சொல்லச் சதையைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இதயத்தில் ஊசி போட்டுச் சதை எடுப்பது ஆபத்தில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரியவர்களின் இதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் அதிகம் காணப்படுவது மிக்சோமா. பெரும்பாலும் இடது மேலறையில், தண்டோடு தொங்கும். அதைக் குத்தினால் துணுக்கு உடைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். ஆகவே அங்கே பயாப்ஸி செய்யாமல் நேரே அறுவைதான். ஸ்டாக்ஹோமில் அறுவை மருத்துவர் கிராஃபோர்டு 1954-இல் முதன்முதலாக வெற்றிகரமாக எடுத்துக் காட்டிய கட்டியும் அதுதான். ஆனால் எடுத்த கட்டியையும் ஆராய்ந்தே ஆக வேண்டும், மிக்சோமா போலத் தோற்றம் காட்டும் சார்கோமாக்கள் உண்டு.

டெக்னீஷியனின் கைக்கு அங்கேதான் வேலை. கட்டி ஃபார்மலினில் ஊற வேண்டும். திசுவைப் போல் பத்து மடங்கு திரவம் இல்லாவிட்டால் உள்பகுதி கெட்டுவிடும். மிக்சோமா ஜெல்லி போல வழுக்கும், நடுவில் சுண்ணாம்பு படிந்திருந்தால் கத்தியின் முனை போய்விடும். சதையைப் பதித்த மெழுகு பிளாக் திருச்சி வெயிலில் இளகும், ஐஸில் வைத்துக் குளிரவிட்டுத்தான் வெட்டுகிறார்கள். சீவலின் தடிமன் மூன்று நான்கு மைக்ரான், அதாவது தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. சீவல் சுருங்கினால் நோயியல் மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. கால்ரெட்டினின், சிடி31 போன்ற சாயச் சோதனைகளும் இந்தச் சீவலை நம்பியே நிற்கின்றன.

பத்தாயிரம் பிரேதப் பரிசோதனையில் இரண்டு மூன்றுக்கு மேல் தென்படாத, இதயத்திலேயே தோன்றும் கட்டிக்கு இவ்வளவு செலவா என்பது இன்னொரு வாதம். இந்த மேசை இதயத்துக்கென்று போடப்பட்டதல்ல. மார்பகக் கட்டியும் கருப்பைவாய்த் துணுக்கும் அன்றாடம் இதே கத்தியில்தான் வெட்டப்படுகின்றன. அரிய நோய்க்குக் கை பழகியிருந்தால் சாதாரண நோய்க்கும் அது உதவும். திருச்சியில் இன்னொரு ஸ்கேனர் வாங்கப் பணம் ஒதுக்குபவர்கள் அதில் ஒரு பகுதியை இந்தக் கூடங்களுக்கும் டெக்னீஷியன்களின் பயிற்சிக்கும் தர வேண்டும். நோயாளியின் வீட்டாரே, ஸ்கேன் சிடியைப் பத்திரப்படுத்துவது போல, சதைப் பரிசோதனை அறிக்கையையும் அதன் பிளாக் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.